நாட்டார் மெட்டும் றொக் இசையும் ஒரே நாடகத்தில்: பாடல்களை எப்படி எழுதுவது?

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

வணக்கம். நண்பர்கள் சிலர் சேர்ந்து, அடுத்த ஆண்டு கொழும்பில் மேடையேற்றும் எண்ணத்துடன் ஓர் இசை நாடகத்தை எழுதிக்கொண்டிருக்கிறோம். இசை நாடகம் என்றதும் அரிச்சந்திரன் கதையைப் பாடி நடிக்கும் மயான காண்ட மரபை நினைத்துவிட வேண்டாம். உரையாடலும் பாட்டும் ஆட்டமும் மாறி மாறிக் கதையைக் கொண்டுசெல்லும் 'மியூசிக்கல்' வகையையே சொல்கிறேன். மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள ஒரு கிராமத்து அண்ணாவியாரின் (கூத்துப் பழக்கும் ஆசானின்) மகன், கொழும்பின் புறக்கோட்டையில் கைத்தொலைபேசிக் கடையொன்றில் வேலைக்கு வருகிறான். இரவில் நண்பர்களின் றொக் இசைக்குழுவில் கிற்றார் வாசிக்கிறான். ஊரில் கூத்துப் பழக்க ஆளில்லை என்று தகப்பன் அவனைத் திரும்ப அழைக்கிறார். கதை இவ்வளவுதான்.

ஊர்க் காட்சிகளுக்கு நாட்டார் பாடல்கள், நகரக் காட்சிகளுக்கு றொக் பாடல்கள் என்று பிரித்துக்கொண்டு எழுதத் தொடங்கினோம். இப்போது மூன்று இடங்களில் தடைப்பட்டு நிற்கிறோம். நாட்டார் பாடல்களை உள்ளபடியே எடுத்தாள்வதா, அல்லது அந்த நடையில் புதிதாக எழுதுவதா என்பதில் எங்களுக்குள் ஒருமைப்பாடு இல்லை. றொக் பாடல்களோ, எப்படி எழுதினாலும் திரைப்படப் பாடல் போலவே ஒலிக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, இரு வகைப் பாடல்களையும் அடுத்தடுத்துக் கேட்கும்போது இரண்டு வெவ்வேறு நாடகங்களைப் பார்ப்பது போன்ற உணர்வு வருகிறது. மகன் இரவில் தனியே பாடும் பாடலின் தொடக்கத்தை இங்கே தருகிறேன்:

உடைந்து கிடக்கிறேன், உன்னை நினைக்கிறேன்,
நடந்து போகிறேன், நகரில் தொலைகிறேன்.

இரண்டு கிற்றார், பேஸ், ட்றம்ஸ், கீபோட், ஒரு மத்தளம், சல்லரி (கைத்தாளம்) ஆகியவை எங்களிடம் உள்ளன. நடிகர்களுள் முறையாகப் பாடப் பயின்றவர்கள் மிகச் சிலரே. அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய பிற்பாட்டுக்காரன் எழுதியது:

நீங்கள் கடைசியாகச் சொன்ன தடையை நீக்கினால் மற்ற இரண்டும் பெருமளவு தாமாகவே விலகும் என்று நினைக்கிறேன். ஊருக்கு ஓர் இசை, நகருக்கு வேறோர் இசை என்று இடத்தை வைத்துப் பிரித்தால், பாட்டு வெறும் திரைச்சீலையின் வேலையைத்தான் செய்யும். பார்ப்பவர்கள் இரண்டாவது காட்சியிலேயே அந்த ஏற்பாட்டைப் புரிந்துகொண்டு, அதன் பின் எதையும் எதிர்பார்க்காமல் அமர்ந்திருப்பார்கள். 'இந்தப் பாட்டு எங்கே பாடப்படுகிறது' என்பதை விட்டுவிட்டு, 'இந்தப் பாட்டு என்ன செய்கிறது' என்று கேளுங்கள். கூத்தில் இந்தக் கேள்விக்கு எப்போதோ விடை காணப்பட்டுவிட்டது. பாத்திரம் யார், எப்படிப்பட்டவர் என்பதை ஆட்டத்தோடு காட்டுவது வரவுப் பாட்டு. இருவர் எதிரெதிர் நின்று வாதாடுவது தர்க்கத் தரு (தரு என்பது கூத்துப் பாட்டு). தாளக்கட்டிலிருந்து விடுபட்டு இழுத்துப் பாடப்படுவது விருத்தம். உங்கள் எழுத்துருவில் உள்ள ஒவ்வொரு பாடலின் பக்கத்திலும் இவற்றுள் ஒன்றின் பெயரை எழுதிப் பாருங்கள். எந்தப் பெயரும் பொருந்தாத பாடல் பெரும்பாலும் வெட்டப்பட வேண்டிய பாடலாகவே இருக்கும்.

அப்படிப் பார்த்தால் புறக்கோட்டையில் நாட்டார் பாட்டு வரலாம், வாவிக்கரையில் மின்கிற்றார் முழங்கலாம். கரைவலை இழுப்பவர்களின் அம்பாப் பாடலில் ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்து குரல் கொடுக்கும் இடத்தில் கயிறு இழுபடும். புறக்கோட்டையில் பாரவண்டில் தள்ளும் நாட்டாமிகளுக்கு அதே அமைப்பில் ஒரு பாட்டு எழுதி, குழுவினர் குரல் கொடுக்க வேண்டிய இடத்தில் கிற்றாரின் குறுந்துணுக்கு ஒன்றை வைத்தால், அதை நாட்டார் பாட்டென்பதா றொக் என்பதா என்ற கேள்வியே எழாது. மறுபுறம், மகனின் கடிதத்தை வாசித்துக் காட்டக் கேட்கும் தாய்க்குக் கோபம் வந்தால், அவளுக்குத் தாலாட்டு மெட்டைத்தான் கொடுக்க வேண்டும் என்று யார் சொன்னது?

பழைய மெட்டா, புதிய பாட்டா என்பது குறித்து: சிந்து, கும்மி, தெம்மாங்கு, தாலாட்டு, ஒப்பாரி முதலியவை எவருக்கும் சொந்தமான தனிப்பாடல்கள் அல்ல, புதுச் சொற்களை இட்டு நிரப்புவதற்கென்றே நிலைபெற்ற வடிவங்கள். அவற்றில் தாராளமாக எழுதுங்கள். ஆனால் குறிப்பிட்ட ஓர் அண்ணாவியாரிடமிருந்து ஒரு மெட்டைப் பெற்றால், அவரிடம் அனுமதி கேட்டு, நிகழ்ச்சிக் கையேட்டில் அவர் பெயரையும் ஊரையும் அச்சிடுங்கள். மலையகத்துக் காமன் கூத்து, காத்தவராயன் கூத்து போன்றவை நேர்த்திக்கடனோடும் விரதத்தோடும் பிணைந்தவை. அவற்றின் பாடல்களை நகைச்சுவைக் காட்சிக்கு எடுப்பதை நான் ஒப்பமாட்டேன். ஒப்பாரியையும் காரணமின்றி ஒத்திகைக்கு ஒத்திகை பாடவைப்பதற்கு வயது முதிர்ந்த பாடகிகள் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தை மதியுங்கள்.

இனி இரண்டையும் இணைப்பது. நாட்டார் மெட்டுகள் பெரும்பாலும் சில சுரங்களுக்குள்ளேயே சுழல்பவை. அவற்றுக்கு அடியில் கீபோட் கலைஞர் அழகழகான 'கோட்'களை (சேர்ந்தொலிக்கும் சுரக்கூட்டுகளை) மாற்றி மாற்றி வைத்தால், மெட்டு உடனே திரைப்படத்துக்குப் போய்விடும். றொக் கிற்றாரில் 'பவர் கோட்' எனப்படுவது ஆதார சுரமும் (சட்ஜமம்) அதிலிருந்து ஐந்தாவதான பஞ்சமமும் மட்டுமே. நடுவில் மூன்றாவதான காந்தாரம் இராது. ஓசையைக் கடுமையாக்கும் கருவியினூடாகக் காந்தாரத்தையும் சேர்த்து வாசித்தால் ஒலி கலங்கிவிடும் என்பதால் றொக் கலைஞர்கள் அதைத் தவிர்க்கிறார்கள். நமது தம்புராவிலும் வழக்கமாக ஒலிப்பவை சட்ஜமமும் பஞ்சமமுமே. ஆகவே அந்தக் கிற்றாரைச் சத்தமான சுருதிப்பெட்டியாகக் கருதி, அதன்மேல் பாடகரை விருப்பப்படி பாடவிடலாம். மெட்டின் காந்தாரம் எதுவாயினும் மோதாது.

இந்த வேலைக்குக் கொழும்பில் ஒரு முன்மாதிரி உண்டு. 1956இல் லயனல் வென்ட் அரங்கில் சிங்கள நாடகாசிரியர் எதிரிவீர சரச்சந்திரவின் 'மனமே' மேடையேறியபோது, அதற்கு அடியாக இருந்த நாடகம என்ற சிங்களக் கூத்து வடிவம், தமிழ்க் கூத்திலிருந்து கரையோரக் கத்தோலிக்கரின் வழியாக வந்ததாகவே கருதப்படுகிறது. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் 1962இல் 'கர்ணன் போர்', 1964இல் 'இராவணேசன்' என்று மட்டக்களப்புக் கூத்தை, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொண்டுவந்தபோது, விடியும்வரை ஆடப்படுவதைச் சில மணி நேரத்துக்குள் சுருக்கினார். மெட்டுகளைப் பொறுக்கியெடுத்து அலங்காரமாக ஒட்டும் வேலையை இருவரும் செய்யவில்லை. வரவு, பிற்பாட்டு (பாடிய அடியைப் பின்னிருப்பவர்கள் திரும்பப் பாடுவது), தரு என்ற இயங்குமுறையை எடுத்துக்கொண்டார்கள். நீங்கள் எடுக்க வேண்டியதும் அதையே.

ஒலிப்பலகைக்குப் பின்னால் எழுதியது:

மேலே சொன்னவை அனைத்தும் நன்று. ஆனால் சொற்கள் கேட்காவிட்டால் எதுவும் பயன்படாது. கொழும்பில் உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மண்டபங்கள் பலவும் கூட்டங்களுக்கும் கச்சேரிகளுக்கும் கட்டப்பட்டவை. வெறுஞ்சுவர்களில் ட்றம்ஸின் ஒலி மோதித் திரும்பி, நடிகர் கன்னத்தில் ஒட்டியிருக்கும் ஒலிவாங்கிக்குள் புகுந்துவிடும். மின்னணு ட்றம்ஸ் கிடைத்தால் அதைப் பயன்படுத்துங்கள். இல்லையேல் தடித்த குச்சிக்குப் பதிலாக மெல்லிய கம்புக்கட்டுகளால் வாசிக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 2,000 முதல் 4,000 ஹேர்ட்ஸ் வரையான பகுதியில்தான் மெய்யெழுத்துகளின் தெளிவு பெரிதும் தங்கியுள்ளது. கடும் ஓசைக் கிற்றாரும் சிம்பலும் அதே பகுதியை நிரப்புபவை என்பதால், பாட்டு வரிகள் நடக்கும்போது கிற்றார் கீழ்த் தந்திகளில் உள்ளங்கையால் அடக்கி வாசிக்கப்பட வேண்டும், சிம்பல் அடிக்கப்படக்கூடாது. மத்தளம் முழங்கும் இடங்களில் கால் ட்றம் வேண்டாம்; இரண்டின் அடித்தொனியும் ஒன்றையொன்று விழுங்கிவிடும். இவற்றை மேடையேற்றத்துக்கு முந்திய நாளில் ஒலிக்கலைஞரிடம் விட்டுவிடாமல், இசையமைக்கும்போதே எழுதி வையுங்கள்.

வெள்ளவத்தை வாசகி எழுதியது:

பழைய பிற்பாட்டுக்காரன் ஐயா சொன்னவற்றில் பெரும்பகுதியை ஏற்கிறேன். எனினும் இசைக்கு முன்னால் எழுத்துருவில் ஓர் அடிப்படைக் கேள்வி இருக்கிறது. உங்கள் அண்ணாவியாருக்கு என்ன வயது? இன்று அவருக்கு அறுபத்தைந்து வயது என்றால், 1970களில் அவர் இளைஞர். ஈழத்துத் தமிழ்ப் பொப் இசைப் பாடல்கள் வானொலியிலும் கார்னிவல் மேடைகளிலும் கொடிகட்டிப் பறந்த காலம் அது. நித்தி கனகரத்தினத்தையும் ஏ. ஈ. மனோகரனையும் கேட்காத, பைலா என்ற ஆட்டப்பாட்டுக்குக் கால் அசைக்காத ஒரு மட்டக்களப்பு இளைஞன் அக்காலத்தில் இருந்திருப்பான் என்று நான் நம்பமாட்டேன். ஆகவே கிற்றாரை முதன்முறையாகக் காண்பவர் போலத் தகப்பனைக் காட்டுவது பொய்யாகும். அவருக்கு ஒரு பொப் பாட்டு எழுதுங்கள். மகனுக்குத் தெரியாத அவருடைய இளமை அந்தப் பாட்டில் வெளிப்படட்டும். பைலாவின் ஆறெண்ணும் நடை, கூத்து ஆட்டத்தின், மும்மூன்றாக எண்ணும் திஸ்ர நடைக்கு அந்நியமானதன்று. அதே மத்தளமே அதற்கும் வாசிக்கலாம். மகனும் அப்படியே. சிறுவயதில் கூத்துக் களரியைச் சுற்றி ஓடித் திரிந்தவனுக்கு, எவ்வளவு விலகினாலும் காலில் அந்த ஆட்டம் இருக்கும்.

இனி உங்கள் வரிகள். அவை திரைப்படப் பாடல் போல் ஒலிப்பதற்கு இசை காரணமன்று. நான்கு வாக்கியங்களும் 'கிறேன்' என்று முடிகின்றன. தமிழில் வினைமுற்று வாக்கியத்தின் இறுதியில் வருவதால் இத்தகைய இயைபு கேட்காமலே கிடைத்துவிடும். எளிதாகக் கிடைப்பதனாலேயே அதற்கு வலு இல்லை. ஆங்கில றொக் பாடல்கள் அடியிறுதி ஒலியை நம்பி நிற்பவை. நமது செவியோ எதுகையிலும் மோனையிலும்தான் அடியைப் பிடித்துக்கொள்கிறது. 'உடைந்து', 'நடந்து' என்ற எதுகை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அந்தச் சொற்களில் காணக்கூடிய பொருள் ஒன்றுமில்லை. இவன் நிற்பது புறக்கோட்டையில், நேரம் இரவு, கடை பூட்டியாகிவிட்டது. அதைப் பாடட்டும், அவனுடைய ஊர்ப் பேச்சிலேயே பாடட்டும். ஒரு மாதிரிக்காக மட்டும் எழுதிப் பார்த்தேன்:

கடைசி பஸ்ஸும் போச்சு, கடை ஷட்டர் விழுந்தாச்சு;
அடைச்ச தகரம் தட்ட, அது அப்பாட மத்தளமாச்சு.

இது சிறந்த கவிதை என்று வாதாட வரவில்லை. ஆனால் நடிகனுக்கு இங்கே செய்வதற்கு ஒரு வேலை இருக்கிறது: அவன் ஷட்டரில் தட்டுகிறான், அந்தத் தட்டலை ட்றம்ஸ் கலைஞர் பிடித்துக்கொள்கிறார், அங்கிருந்து றொக் பாட்டு எழும்புகிறது.

மெட்டு முதலில் வந்துவிட்டால் இன்னொன்றையும் கவனியுங்கள். நீண்டு நிற்கும் சுரத்தில் குறில் எழுத்தை வைக்காதீர்கள். 'மலை' என்பதை இழுத்தால் 'மாலை' ஆகும், 'கல்' இழுபட்டால் 'கால்' ஆகும். பாடுபவருக்குத் தெரியும் பொருள் ஆறாவது வரிசையில் இருப்பவருக்குத் தெரியாது. விரைவான றொக் வரிகளில் ஒற்றெழுத்துகள் கரைந்துபோகும் என்பதால், வல்லின இரட்டிப்பு நிறைந்த சொற்களைத் தாள அடி விழும் இடத்திலேயே வையுங்கள்.

ஐயாவுடன் நான் முரண்படும் இடம் ஒன்றுண்டு. எல்லாப் பாடலுக்கும் சட்ஜமம், பஞ்சமம் என்று வைத்தால் இரண்டு மணி நேரம் காது களைத்துவிடும். ஒரு பாட்டிலாவது, தாய் தனியே இருக்கும் பாட்டு என்று வைத்துக்கொள்வோம், அதில் கீபோட்டுக்கு முழுச் சுதந்திரம் கொடுங்கள். ஏனைய பாடல்கள் இறுகியிருப்பதனாலேயே அந்தப் பாட்டு திறந்துகொண்டது போல ஒலிக்கும். மேலும், றொக் இசை என்றால் நான்கெண்ணும் தாளம்தான் என்று உங்கள் ட்றம்ஸ் கலைஞர் சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். 1971இல் பிறோட்வேயில் மேடையேறிய 'ஜீசஸ் கிறைஸ்ட் சூப்பர்ஸ்டார்' என்ற றொக் நாடகத்தில் ஐந்தெண்ணும் பாடலும் உண்டு, தேவாலயச் சந்தைக் காட்சிக்கு ஏழெண்ணும் பாடலும் உண்டு. அவை நமக்குக் கண்டமும் மிஸ்ரமும்தானே! 'தக தகிட', 'தகிட தகதிமி' என்று சிறுவயதிலேயே சொல்லிப் பழகிய ஒருவன் றொக் குழுவில் இருந்தால், மற்றவர்கள் தடுமாறும் இடத்தில் அவன் தடுமாறமாட்டான். மகன் அந்தக் குழுவில் எப்படி மதிப்புப் பெறுகிறான் என்பதற்கான காட்சி உங்களுக்கு இதிலேயே கிடைக்கிறது.

கொட்டாஞ்சேனைவாசி எழுதியது:

மூவருக்கும் நன்றி. தகப்பனின் பொப் பாட்டை நேற்றே எழுதத் தொடங்கிவிட்டோம். ஷட்டர் தட்டும் வரிகளைச் சிறு மாற்றங்களுடன் பயன்படுத்த வாசகி அவர்கள் அனுமதிப்பார் என்று நம்புகிறேன்.

இன்னுமொரு சிக்கல் மீதமிருக்கிறது. இடைவேளைக்கு முன்னால் தகப்பன் கொழும்புக்கு வந்து, இசைக்குழுவின் ஒத்திகை அறையில் மகனோடு வாதாடும் காட்சி இருக்கிறது. அவர் கூத்து மெட்டிலும் இவன் றொக்கிலும் ஒரே நேரத்தில் பாட வேண்டும் என்று விரும்புகிறோம். ஒத்திகையில் அது வெறும் இரைச்சலாகவே முடிகிறது. இதை எப்படிக் கட்டுவது?

பழைய பிற்பாட்டுக்காரன் எழுதியது:

முதலில், வாசகி அவர்கள் முரண்பட்ட இடத்தில் அவர் சொல்வதே சரி. தாயின் பாட்டைத் திறந்துவிடுங்கள்.

வாதாடும் காட்சி தர்க்கத் தரு என்பதில் ஐயமில்லை, ஆகவே அதன் ஒழுங்கையே பின்பற்றுங்கள்: ஒருவர் பாடி முடித்த பின்பே மற்றவர் தொடங்குவார். இருவரும் சேர்ந்து பாடுவதைக் கடைசிச் சுற்றுக்கு வைத்திருங்கள். இரு தரப்புச் சொற்களும் அவையோருக்கு முன்னரே பழகியிருந்தால்தான், சேர்த்துக் கேட்கும்போது காது அவற்றைத் தனித்தனியே பிரித்தறியும். நீங்கள் தொடக்கத்திலேயே சேர்த்துப் பாடவைப்பதால் இரைச்சலாகிறது என்று ஊகிக்கிறேன்.

தாளத்தைப் பன்னிரண்டு எண்ணிக்கையில் கட்டுங்கள். தகப்பன் அதை மும்மூன்றாக நான்கு கூறுகளாக்கிப் பாடுகிறார். மகன் அதே பன்னிரண்டை நந்நான்காக மூன்று கூறுகளாக்கிப் பாடுகிறான். வேகம் மாறத் தேவையில்லை. நடுவில் இருவரின் அடிகளும் மோதிக்கொண்டே போய், ஒவ்வொரு பன்னிரண்டின் முடிவிலும், அடுத்த சுற்றின் முதலடியான சமத்தில் ஒன்றாக வந்து விழும். ஒருவரையொருவர் மறுத்துக்கொண்டே ஒரே வீட்டுக்காரர்களாக இருப்பதை இதைவிடத் தெளிவாக வசனத்தில் எழுத முடியாது.

பிற்பாட்டை மறந்துவிடாதீர்கள். ஒத்திகை அறையில் இருக்கும் இசைக்குழு நண்பர்களே பிற்பாட்டுக்காரர்களாகட்டும். கூத்தில் பிற்பாட்டு அடியைத் திரும்பப் படிப்பதால், முதல்முறை தவறவிட்ட சொல்லும் அவையோருக்குப் போய்ச் சேர்கிறது. உங்களுக்கு அது கூடுதலாக ஒரு வேலையையும் செய்யும். முதலில் அவர்கள் மகனின் வரியை மட்டுமே வாங்கிப் பாடுகிறார்கள். தகப்பன் இரண்டாவது முறை பாடும்போது ஒருவன் தன்னையறியாமல் அவருடைய வரியை வாங்குகிறான், பிறகு இன்னொருவன். யார் வெல்கிறார் என்பதை யாரும் சொல்லாமலே அவையோர் கணக்கிட்டுக்கொண்டிருப்பார்கள். எல்லாரும் தகப்பன் பக்கம் வந்துவிட்ட தறுவாயில் அவர் தாளத்தை விட்டு விருத்தத்துக்குப் போகட்டும். ட்றம்ஸுக்கும் மத்தளத்துக்கும் அங்கே வேலையில்லை; மகனின் கிற்றாரில் சட்ஜமமும் பஞ்சமமும் மட்டும் நிற்கும். அவன் அந்தச் சுருதியைக் கொடுப்பதா, கையை எடுத்துவிடுவதா என்பதை நெறியாளர் முடிவு செய்யட்டும். நானாக இருந்தால் அவ்விடத்தில் இடைவேளை விடுவேன்.

சுருதியைத் தகப்பனாக நடிப்பவரின் குரலுக்கேற்பத் தீர்மானியுங்கள். அவருக்கு ஐந்து கட்டை வசதி என்றால் அதுவே கிற்றாரில் 'ஜி'. மகனாக நடிப்பவர் மேல் ஸ்தாயியைத் தொட்டுச் சமாளிக்கலாம். பாடகர்களை அழைப்பதற்கு முன், மத்தளக்காரரும் ட்றம்ஸ் கலைஞரும் இந்தப் பன்னிரண்டைச் சொற்கட்டாக வாயால் சொல்லிப் பழகட்டும். மோதல் தொடங்கியதும் இருவருமே வேகத்தைக் கூட்டத்தான் பார்ப்பார்கள், அதைப் பாடகர்கள் வந்த பின் திருத்துவது கடினம்.